சுவர் தாண்டி வந்த ஆறுமணிக்குருவி

டிசம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓஸ்வால்ட் தும்மினான். ஒரு பறவையும் பறக்கவில்லை.

சாதாரணமாக அப்படி நடக்காது. காக்ஸ் டவுனில் அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில், கொய்யா மரத்தடியில் பச்சைத் துணிக் கூடாரம் ஒன்றைப் போட்டு, அதற்குள் மடக்கு நாற்காலியும் ஸ்டாண்டில் ஏற்றிய கேமராவுமாக ஆறு பனிக்காலங்கள் அவன் உட்கார்ந்திருக்கிறான். ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டால் போதும், சின்னான்கள் கிளம்பிவிடும். தொண்டையைச் செருமினால் குண்டுகரிச்சான் சுவர் தாண்டிப் போய்விடும். அன்றைக்கு மூக்கில் பனி ஏறி, அடக்க அடக்க அடங்காமல், அடுத்த தெரு நாய் குரைக்கும் அளவுக்குத் தும்மினான். மண்தட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு சின்னான்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. செம்பருத்தியில் தொங்கிக்கொண்டிருந்த தேன்சிட்டு பூவிலிருந்து அலகை எடுக்கவில்லை.

முதலில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடாரத் துணியை மெல்ல விலக்கினான். தலையை வெளியே நீட்டினான். பிறகு எழுந்தே நின்றான். குண்டுகரிச்சான் ஒன்று அவன் காலுக்கு இரண்டடி தூரத்தில் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. அவன் கையைத் தட்டினான். அது கொத்திக்கொண்டே அவன் ஷூவைச் சுற்றிக்கொண்டு போனது, வழியில் கிடக்கிற செங்கல்லைச் சுற்றிப் போவது போல.

படங்கள் அற்புதமாக வந்தன. இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் வீட்டுக்குள் போக அடியெடுத்து வைத்தபோதுதான் இடது பாதம் மரத்துப்போயிருப்பதைக் கவனித்தான். இரண்டு மணி நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்தால் மரத்துப்போவது வழக்கம்தான். தேய்த்துவிட்டால் எறும்பு ஊர்வது போல உயிர் திரும்பும். அன்று எறும்பு ஊரவில்லை. மத்தியானம் வரை, பாதம் இருக்கிற இடத்தில் எதுவுமே இல்லாதது போல இருந்தது.

“சுகர் செக் பண்ணிக்குங்க,” என்றாள் அவன் மனைவி கேத்தரின். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க அந்தப் பச்சைப் பிசுபிசுப்பு வாசனை.

“ஒண்ணுமில்ல. குளிரு.”

இன்னொன்றை அவளிடம் சொல்லவில்லை. விடிவதற்கு முன்னால், ஆறு மணி இருட்டில், கூடாரத்துக்குள் அவன் லென்ஸின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பட்டர் ஃப்ரூட் மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு சீட்டிகள் கேட்டன. ஒன்று மேலே ஏறியது, அடுத்தது கீழே இறங்கியது. அதற்குப் பிறகு அமைதி. மறுபடியும் இரண்டு. உலகத்தில் எந்தச் சத்தத்தை அவன் கேட்க விரும்பவில்லையோ அந்தச் சத்தம்.

ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, நீலத் தோள், வெள்ளைத் தொண்டை, வாலடியில் ரத்தச் சிவப்பு. குளிர் தொடங்கும்போது இமயமலை அடிவாரத்திலிருந்து கிளம்பி, இரவிரவாகப் பறந்து தெற்கே வரும். பிடித்த தோட்டம் ஒன்று அமைந்துவிட்டால் பனிக்காலம் முடியும்வரை அங்கேயே தங்கி, நிழலில் சருகு புரட்டிப் பூச்சி தின்றுகொண்டு, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தவறாமல் குரல் கொடுக்கும்.

அதற்குப் பிடித்திருந்த தோட்டம் பக்கத்து வீட்டுடையது. எரிக்கின் வீடு.

எரிக்கும் ஓஸ்வால்டும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே மாதா கோயிலுக்குப் போனவர்கள், பறவைப் பைத்தியம் பிடித்து ஒரே வருடத்தில் கேமரா வாங்கியவர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை எரிக் குளியலறையில் விழுந்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிர் மிஞ்சியது. கண்ணைத் தவிர உடம்பில் வேறு எதுவும் அசையவில்லை. கல்யாணம் ஆகாதவன், கணவனை இழந்த அக்கா அன்னாதான் பார்த்துக்கொண்டாள். கட்டிலைப் பின்பக்க ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, தலையணைகளை அடுக்கி அவனைச் சாய்த்து உட்காரவைத்தாள். கேள்வி கேட்டால், ஆமாம் என்பதற்கு ஒரு சிமிட்டல், இல்லை என்பதற்கு இரண்டு. ஜன்னலுக்கு வெளியே மாமரத்தடியில் அந்தக் குருவி சருகு புரட்டுவதைப் பார்ப்பதுதான் எரிக்கின் நாள். அது வந்திருக்கிறது என்பதை ஓஸ்வால்டுக்குக் காட்டிக்கொடுத்ததும் எரிக்கின் கண்கள்தான். பார்க்கப் போனபோது, அந்தக் கண்கள் அவனைப் பார்த்தன, ஜன்னலைப் பார்த்தன, மறுபடி அவனைப் பார்த்தன. சிறு பிள்ளை மாதிரி அவ்வளவு ஆசையாக.

மாமர நிழலில் படம் எடுக்க முடியாது. வெளிச்சம் ஓஸ்வால்டின் தோட்டத்தில்தான் இருந்தது. போன வருடம் டிசம்பரில், பதிவு செய்த குரலைச் சின்ன ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டான். தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று நினைத்து, சண்டைக்கு அது சுவர் தாண்டி வந்தது. வலையில் விழுந்தது. பாசி படர்ந்த மரக்கட்டை ஒன்றோடு அதன் காலைத் தூண்டில் நரம்பால் கட்டினான். ஒரு மணி நேரம் போதும் என்றுதான் நினைத்தான். முதல் நாள் மேகம் மூடிக்கிடந்தது. இரண்டாம் நாள் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, படத்துக்கு ஆகவில்லை. ஆனால் ஆறு மணிக்குக் கத்தியது. மூன்றாம் நாள் காலை வெயில் வந்தது. அது தலையைச் சாய்த்து லென்ஸைப் பார்த்தது. அந்தப் படத்துக்குத்தான் கண்காட்சியில் முதல் பரிசு. நரம்பைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டிருந்தான். எத்தனை பொறுமை வேண்டும் இதற்கு என்று எல்லோரும் கையைக் குலுக்கினார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குருவி செத்திருந்தது. செய்தித்தாளில் சுற்றி, மறுநாள் காலை ஈரக்குப்பை வாளியில் போட்டுக் குப்பை வண்டிக்குக் கொடுத்தனுப்பினான். பன்னிரண்டு நாள் கழித்து எரிக் செத்தான். பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் ஓஸ்வால்டும் ஒருவன்.

இப்போது பக்கத்து வீடு பூட்டிக்கிடந்தது. அன்னா பிரேசர் டவுனில் மகளோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து, கதவைத் திறந்து, பெருக்கிவிட்டுப் போவாள். அடுத்த ஞாயிறு அவளை கேட்டருகில் பிடித்தான். இடது காலை இழுத்து நடப்பது அவளுக்குத் தெரியக்கூடாதென்று சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

“அன்னாக்கா, இந்த வருஷமும் அந்தக் குருவி வந்திருக்குது போல. சத்தம் கேட்டுச்சு.”

பூட்டைப் போட்டுக்கொண்டிருந்தவள் கை நின்றது. “எங்க பக்கமா, ஒங்க பக்கமா?”

“எங்க பக்கம்.”

“போன வருஷமும் மூணு நாள் ஒங்க பக்கந்தான் கத்துச்சு, ஓஸ்வால்ட். ஒரே எடத்துலேர்ந்து. குருவி ஒரே எடத்துல நின்னு மூணு நாள் கத்துமா?”

“எனக்கு என்னக்கா தெரியும்?”

“எனக்கும் அப்போ புரியல. எரிக்குக்குப் புரிஞ்சுது. கண்ணு ஒங்க சுவரையே பாத்துட்டு இருந்துச்சு. வலிக்குதாடான்னு கேட்டேன், ரெண்டு சிமிட்டு. தண்ணி வேணுமான்னேன், ரெண்டு. ஓஸ்வால்டைக் கூப்பிடவான்னேன், ஒண்ணு. ஒனக்கு எத்தனை தரம் போன் பண்ணேன்?”

பீன்யாவில் பேக்டரியில் வேலை அதிகம் என்று அப்போது சொல்லியிருந்தான்.

“கடைசில ஃபாதர் வந்து எண்ணெய் பூசினாரு. யாரையாவது மன்னிக்க வேண்டியிருந்தா மனசால மன்னிச்சிடு எரிக்னு சொன்னாரு. ரெண்டு சிமிட்டினான். ஃபாதருக்குப் பேஜாராயிடுச்சு. மறுபடி கேட்டாரு. மறுபடியும் ரெண்டு. சாவறப்போ அவ்ளோ பிடிவாதமா ஒரு ஆளை நான் பாத்ததில்ல.”

அவள் குரலில் கோபமே இல்லை. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். பி12 கொஞ்சம் குறைவு என்றார், வேறு எதுவும் இல்லை. ஊசி போட்டார்கள். ஆனால் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், அந்த இரண்டு சீட்டி கேட்கிற சமயத்தில், உணர்ச்சியற்ற அந்த எல்லை மேலே ஏறியது. கணுக்கால் போனது. ஆடுசதை போனது. குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவனுக்குத் தண்ணீர் மட்டம் ஏறுவது போல, நாளுக்கு ஒரு விரற்கடை. சில மணி நேரத்தில் திரும்பி வரும். திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரம் நாளாக ஆகக் கூடிக்கொண்டே போனது. கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் கட்ட ஏணியில் ஏறியவன், ஏறிய இடத்திலேயே முக்கால் மணி நேரம் நின்றான். கேத்தரின் பாடிக்கொண்டே குல்குல் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கூப்பிட வெட்கமாக இருந்தது.

அந்தக் குருவியைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பார்த்துவிட்டால், அது வேறு குருவி என்று தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் வருகின்றன. இது வேறொன்று. வருடப் பிறப்புக்கு மறுநாள் விடிகாலை மறுபடியும் கூடாரத்தில் போய் உட்கார்ந்தான். மூடுபனி தரையில் பால் போலக் கிடந்தது. ஈர மண், அழுகிய கொய்யா, எங்கோ சருகு எரிக்கிற புகை. ஆறு மணிக்குச் சீட்டி கேட்டது. குருவி தென்படவில்லை. மற்ற பறவைகள் வந்தன. ஒரு சின்னான் பறந்து வந்து கேமரா மேல் உட்காராமல் அவன் முழங்கால் மேல் உட்கார்ந்தது. அங்கேயே இறகைக் கோதியது. எச்சமிட்டது. அதன் எடை அவனுக்குத் தெரியவில்லை. முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டிருந்தது.

கைகள் அசைந்தன. படம் எடுத்தான், வேறென்ன செய்வது என்று தெரியாததால்.

இரவு கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைப் பார்த்தான். மண்தட்டும் பறவைகளும் கூர்மையாக இருந்தன. பின்னால் சுவரும் அதற்கப்பால் எரிக் வீட்டு ஜன்னலும் மங்கலாகக் கரைந்திருந்தன. ஜன்னலின் கறுப்புச் சதுரத்தில் ஏதோ வெளுப்பாக இருந்தது. அடுத்த படத்தில் அந்த வெளுப்பு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். பெரிதாக்கினான். அடுக்கிய தலையணைகள். அவற்றின் நடுவில், தலை அழுந்திய மாதிரி ஒரு நிழல்.

அன்னாவுக்குப் போன் செய்தான்.

“அக்கா, பின்பக்க ஜன்னலைத் தெறந்து வெச்சிட்டுப் போயிட்டீங்களா? உள்ள தலையணையெல்லாம் தெரியுது.”

“தலையணையா? கட்டில், மெத்தை, எல்லாத்தையும் ஈஸ்டருக்கு முன்னாடியே முதியோர் இல்லத்துக்குக் குடுத்துட்டேனே. அந்த ஜன்னலுக்கு உள்பக்கமா பலகை வெச்சு ஆணி அடிச்சிருக்குது. கண்ணாடி உடைஞ்சுபோச்சுன்னு.”

அவன் படத்தை இன்னும் பெரிதாக்கினான்.

“ஓஸ்வால்ட்,” என்றாள் அன்னா. “ஃபாதரைப் போய்ப் பாரு. வாயைத் தொறந்து எல்லாத்தையும் சொல்லு. சொல்ல முடியறப்பவே சொல்லிடு.”

சொல்லியிருக்கலாம். அந்த வாரம் முழுக்க அவனுக்குப் பேச்சு இருந்தது. ஆனால் பயம் அவனுக்குள் போய்ப் புளித்து வேறொன்றாக மாறியிருந்தது. என்ன பெரிய பாவம் செய்துவிட்டான்? ஒரு குருவி. கையளவு குருவி. அதற்காக ஒருவன் சாகிற நேரத்திலும் மன்னிக்கமாட்டேன் என்று கண்ணைச் சிமிட்டுவானா? முப்பது வருட சிநேகிதத்துக்கு அவ்வளவுதானா மதிப்பு? செத்தவன் செத்தவன்தான், அவனால் ஒன்றும் முடியாது. கத்துவது குருவி. குருவியை நிறுத்திவிட்டால் எல்லாம் நின்றுவிடும். வலையைப் பரணிலிருந்து இழுத்துக் கீழே போட்டான். இந்தத் தடவை கட்டிவைக்கப் போவதில்லை. பிடித்ததும் கழுத்தைத் திருகிவிட வேண்டியதுதான்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம், ஐந்தரை மணி. கொய்யாவுக்கும் பட்டர் ஃப்ரூட்டுக்கும் நடுவே வலையைத் தொங்கவிட்டு, இழுத்தால் விழுகிற மாதிரி கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, கூடாரத்துக்குள் உட்கார்ந்தான். சுவரடியில் ஸ்பீக்கரை வைத்திருந்தான். வெயில் மரங்களின் உச்சியில் மட்டும் மிஞ்சியிருந்தது. கீழே தோட்டம் நீலமாகிக்கொண்டிருந்தது. சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது.

ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கைப்பேசியில் பொத்தானை அழுத்தினான். ஸ்பீக்கர் இரண்டு சீட்டி அடித்தது.

பதில் வந்தது.

மரத்துக்குப் பின்னாலிருந்து அல்ல. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பலகையடித்த ஜன்னலுக்கு உள்ளேயிருந்து. மூடிய அறைக்குள் அடிக்கிற சீட்டிக்கு ஒரு எதிரொலி இருக்குமே, அந்த எதிரொலியோடு.

சுவர்மேல் அது வந்து உட்கார்ந்தது. பச்சை முதுகு. நீலத் தோள். ஒற்றைக்காலில் நின்றது. இன்னொரு கால் கணுவுக்குக் கீழே வற்றிப்போய்க் குச்சியாகத் தொங்கியது.

அது கீழே குதித்தது. தத்தித் தத்தி வலைக்கு நேர்கீழே வந்தது.

இழு என்று நினைத்தான்.

கை இழுக்கவில்லை.

குனிந்து பார்க்க நினைத்தான். கழுத்து குனியவில்லை. குளிர் இடுப்பைத் தாண்டியிருந்தது, மார்பைத் தாண்டியிருந்தது, எப்போது தாண்டியதென்றே தெரியவில்லை. கேத்தரின் என்று கூப்பிட்டான். நாக்கு வாய்க்குள் ஈரக் களிமண்ணாகக் கிடந்தது.

பின்கதவு திறந்தது. பவுடர் வாசனை. பூசைக்குக் கிளம்பியிருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலப் பூசை.

“என்னங்க, நான் வரேன். ரசம் அடுப்பு மேல இருக்குது, சோறு ஹாட்பேக்ல இருக்குது. பூசை முடிஞ்சு மேரியம்மா வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வர எட்டரை ஆவும்.”

கூடாரத்துக்கும் அவளுக்கும் நடுவில் பதினைந்தடி இருக்கும். திரும்பிப் பார்க்க முடியவில்லை. பார், என்று நினைத்தான். வந்து பார். ஒரே ஒரு தடவை.

“கேக்குதா? ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டீங்களா?”

காத்திருந்தாள். வளையல் ஓசை. ஒரு பெருமூச்சு.

“கிட்ட வந்தா குருவி பறந்துடுச்சுன்னு கத்துவாரு. கூப்ட்டா பதிலும் சொல்ல மாட்டாரு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவு மூடியது. தாழ்ப்பாள். முன்கதவு. கேட்டின் கிரீச். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கண்கள் மட்டும் அசைந்தன.

கூடாரத்தின் திறப்பு வழியாக அவன் பார்த்தான். கூடடையவேண்டிய நேரத்தில் பறவைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல். சுவர் நிறைந்தது. கொய்யாக் கிளைகள் தாழ்ந்தன. வலையின் கயிற்றில்கூட வரிசையாக. ஒன்றுகூட அவனைப் பார்க்கவில்லை. எல்லாம் சுவருக்கு அப்பால், ஜன்னலைப் பார்த்தன.

ஜன்னலில் விளக்கு எரிந்தது.

பலகை இல்லை. கட்டில் இருந்தது. தலையணைகள் இருந்தன. எரிக் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், அன்னா தினமும் காலையில் உட்காரவைக்கிற மாதிரியே, தலைவாரி, போர்வையை மார்புவரை இழுத்துவிட்டு. கண்கள் அகலத் திறந்திருந்தன. குருவியைப் பார்த்தன. ஓஸ்வால்டைப் பார்த்தன. மறுபடி குருவியைப் பார்த்தன. அவ்வளவு ஆசையாக.

குருவி கூடாரத்துக்குள் வந்தது. சருகைப் புரட்டியது. சருகுக்கு அடியில் ஏதோ நெளிந்தது, அலகு இறங்கியது. அசையாததை அது தொடவில்லை. நெளிகிறதை மட்டும் எடுத்தது. ஷூவின்மேல் ஏறியது. முழங்கால். மடி. ஸ்வெட்டரின் நூலைப் பற்றிப் பற்றி மேலே வந்தது. அதன் இறகில் செய்தித்தாள் ஊறிய நாற்றம் அடித்தது, அழுகிய காய்கறி நாற்றம் அடித்தது. சட்டைக் காலரைச் சருகைப் போலப் புரட்டிப் பார்த்தது. அடியில் எதுவும் நெளியவில்லை.

தோளில் வந்து நின்றது. கன்னத்தருகில். அதன் மூச்சுச் சூடு கன்னத்துக்குத் தெரியவில்லை.

கண்ணை அசைக்கக்கூடாது என்று நினைத்தான். ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எதையும் பார்க்கக்கூடாது. ஜன்னலைப் பார்க்கக்கூடாது. அலகைப் பார்க்கக்கூடாது. அவ்வளவுதான். அதை மட்டும் செய்தால் போதும். எட்டரை மணிவரை.

குருவி தலையைச் சாய்த்தது. அவனுடைய இடது கண்ணை மிக அருகில் உற்றுப் பார்த்தது. ஈரமாக, வெளிச்சம் பட்டு, இமைக்கு அடியில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது அது. அந்தத் தோட்டத்தில் அப்போது அசைந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.